மதுரையில் துணி எடுக்க: விளக்குத்தூணா, மாலா?

2012-ல் கோகலே சாலையில் விஷால் டி மால் திறந்த புதிதில், நகரும் படிக்கட்டின் முன் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஏறத் தயங்கி நின்ற அம்மாக்கள் எத்தனை பேர்! அந்த ஏசியும், சுத்தமான கழிப்பறையும், உட்கார இடமும் லேசுப்பட்ட விஷயமில்லை. கைக்குழந்தையோடு விளக்குத்தூணை ஒட்டிய மாசி வீதிகளில் கடை கடையாக அலைகிற பெண்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் துணி என்று வந்தால் என் ஓட்டு விளக்குத்தூண் கடைவீதிக்குத்தான். அங்கே கடைக்காரர் வெள்ளை விரிப்பின்மேல் சேலையை உதறிப் போடுவார். முந்தியைத் தடவிப் பார்க்கலாம், கரையைத் திருப்பிப் பார்க்கலாம், "அண்ணே, நூறு ரூபா குறைச்சுப் போடுங்க" என்று உரிமையாகக் கேட்கலாம். மாலில் ஒட்டிய விலைதான் விலை. விளக்குத்தூணில் ரவிக்கைத் துணியை எடுத்த கையோடு தைக்கவும் கொடுத்துவிடலாம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தலைமுறைகளாகத் தைத்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரம் கடை வளாகத்தில் இருக்கிறார்கள். அளவு ஜாக்கெட் ஒன்று போதும்.

பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் எடுக்க மால் நல்லது. போட்டுப் பார்த்து எடுக்கலாம். முகூர்த்தச் சேலைக்கு, வெயில் ஏறும் முன் காலையிலேயே விளக்குத்தூண் போய்விடுங்கள். தீபாவளி வாரத்தில் மட்டும் வயதானவர்களை அந்த நெரிசலுக்குள் கூட்டிப் போகாதீர்கள்.