பீப் ஒலித்த கணினிக்கு ‘போர்டு போச்சு’ என்றார்கள்: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்தார் கவனத்திற்கு

மண்டபத்திற்கும் உச்சிப்புளிக்கும் இடையில், வடகடல் பார்த்த வீடு எங்களுடையது. 2014இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று வடக்கு ஜன்னலை ஒட்டியே பத்து ஆண்டுகளாக இருந்தது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ராம் (நினைவக அட்டை) இரண்டு, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். மகளின் கல்லூரி வேலையும், என் மனைவி செயலாளராக இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கும் அதில்தான் நடந்தன. 2025ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருநாள் காலை அதைப் போட்டபோது விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது, உள்ளேயிருந்து விட்டுவிட்டுப் பீப் ஒலி மட்டும் வந்தது.

பழுது பார்ப்பதா, அப்படியே ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்குவதா என்று இரண்டு நாள் வீட்டில் பேசினோம். முடிவெடுப்பதற்கு முன் பழுது என்னவென்று தெரிய வேண்டுமே என்று ராமநாதபுரம் நகரில் உள்ள ஒரு கடைக்கு அதைத் தூக்கிச் சென்றேன். நான் செய்த தவறு அங்கேதான் தொடங்கியது. பழுதைச் சொல்ல வேண்டியவரும் பொருளை விற்கிறவரும் ஒரே ஆள் என்பதை நான் யோசிக்கவில்லை.

கடைக்காரர் மூடியைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. “சார், போர்டு போச்சு. ஹார்டு டிஸ்க்கும் டெட். அக்டோபரோட விண்டோஸ் 10 முடியுது, மொத்தமா மாத்திடுங்க, இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்” என்றார். புதுக் கணினி என்றால் முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று அவரே சொன்ன பிறகு, மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களும் செருகப்படும் போர்டு) 5,200 ரூபாய், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு 2,400 ரூபாய், விண்டோஸ் 11 போடுவதற்கு 1,000 ரூபாய் எனச் சொன்ன 8,600 ரூபாய் எனக்கு மலிவாகப் பட்டது. கூகுள் பேயில் பணம் அனுப்பினேன். கையில் கிடைத்தது கடைப் பெயர் அச்சடிக்காத ஒரு துண்டுச் சீட்டு. பில் கேட்டதற்கு, “பில் போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்றார். அந்த நஷ்டத்தைப் பட்டிருக்கலாம்.

கணினியை எடுக்கப் போன அன்று கடைக்காரர் டீ குடிக்க வெளியே போயிருந்தார். கழற்றிய பழைய சாமான்களை என் மகள் கேட்டு வாங்கி வரச் சொல்லியிருந்தாள். வேலைக்கு நின்ற பையன் கொஞ்சம் தயங்கிவிட்டு, பழைய போர்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். ஹார்டு டிஸ்க்கைக் கேட்டதற்கு, “அது ஓனருக்குத்தாண்ணே தெரியும்” என்றான். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் மூன்று மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. உண்மையில் முன்னைவிட வேகமாகவே இருந்தது. மே மாதம் மகள் ஏதோ ஒரு மென்பொருளை ஏற்றும்போது நினைவகம் போதவில்லை என்று வந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தாள். எட்டு ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தது. சந்தேகம் வந்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் எஸ்எஸ்டியைச் சோதித்தாள். ‘புதுசு’ என்று எனக்கு விற்கப்பட்ட அந்த எஸ்எஸ்டி அதுவரை 19,412 மணி நேரம் ஓடியிருந்தது. இரவு பகலாக ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும் கணக்கு அது. எங்கள் வீட்டில் அது ஓடியதோ நான்கு மாதம்கூட இல்லை.

என் அக்காள் மகன் விசைப்படகுகளில் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் பழுது பார்க்கிறவன். ஜனவரியில் கொச்சியில் இருந்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும் அவனுக்குப் பாம்பனில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஜூன் கடைசியில்தான் வந்தான். பின்பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில், “மாமா, இதையா புதுப் போர்டுன்னு குடுத்தான்?” என்று கேட்டு, மானிட்டர் வயரைச் செருகும் இடத்தின் இருபுறமும் உள்ள அறுகோணத் திருகுகளைக் காட்டினான். இரண்டும் துருவேறிப் பழுப்பாக இருந்தன. ஐந்து மாதத்தில் வரும் துரு அல்ல அது. என்னுடைய பழைய போர்டைவிட அதிகமாகக் கடற்காற்றைக் குடித்த போர்டு.

பிறகு செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் கிடந்த பழைய போர்டை எடுத்தான். ராம் செருகும் பள்ளத்தில் செல்போன் வெளிச்சத்தை அடித்துக் காட்டியபோது, ஊசி போன்ற முனைகளின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ஸ்பிரிட்டில் தோய்த்த பிரஷ்ஷால் அதைத் துடைத்தான், ராமின் பொன்னிற விளிம்பை என் மகளின் அழிரப்பரால் தேய்த்தான், அட்டைப் பெட்டி மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஸ்க்ரூடிரைவர் முனையால் பவர் பட்டனுக்கான இரண்டு பின்களைத் தொட்டான். திரை வந்தது. தேதி மட்டும் 2013 ஜனவரி 1 என்று காட்டியது. போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். “பீப் அடிச்சா போர்டுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம் மாமா. ராம் கிடைக்கலன்னு அதுவே கத்திச் சொல்லுது, அத மூணு நிமிசம் துடைச்சிருந்தா முடிஞ்சுது” என்றான். வாடைக் காற்றில் வரும் உப்பீரம் செய்த வேலைக்கு நான் 8,600 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

விண்டோஸ் 11 சங்கதி தனி. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியிலிருந்துதான் மைக்ரோசாப்ட் ஏற்கிறது. என்னுடையது நான்காம் தலைமுறை. சோதனையைத் தாண்டிக் குதிக்கும் குறுக்குவழியில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றிய கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடியும் என்று கடைக்காரர் பயமுறுத்தியது உண்மைதான். ஆனால் அந்த உண்மையின்படி பார்த்தாலும், இவ்வளவு பழைய கணினிக்கு 5,200 ரூபாயில் போர்டு மாற்றச் சொல்லியிருக்கவே கூடாது. வீட்டு உபயோகிப்பாளர்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் பதிந்துகொண்டால் விண்டோஸ் 10க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். ‘டெட்’ என்று சொல்லி எடுத்துக்கொண்ட ஹார்டு டிஸ்க்கை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை. மகளின் காதுகுத்துப் படங்களோடு, குழுவிலுள்ள 14 பெண்களின் ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் அதில் இருந்தன. ஜூலையில் நேரில் போய்க் கேட்டபோது, “பழைய இரும்போட போயிடுச்சு சார்” என்றார். அந்த 14 பேர் வீட்டுக்கும் நானும் மனைவியும் நடந்து சென்று விவரத்தைச் சொல்லி, ஆதார் செயலியில் கைரேகைப் பதிவைப் பூட்டிக் கொடுத்தோம். ஒருவர் வீட்டில் திட்டும் வாங்கினோம், நியாயமான திட்டு.

ஆகவே, இந்தப் பக்கத்தில் பழைய கணினி படுத்துவிட்டால், கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள். ராம், போர்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றின் வரிசை எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பார்க்கும் கூலி நூறோ இருநூறோ தனியாகக் கொடுத்து, பழுது என்னவென்று மட்டும் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, வாங்குவதை வேறு கடையில் வாங்குங்கள். பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாத குறைக்கு கூகுள் பே ரசீதையும், எஸ்எஸ்டியின் மணிக்கணக்குப் படத்தையும், துருவேறிய திருகுகளின் படத்தையும் இணைத்தேன். அது முடியும்வரை கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டும் எழுத வேண்டாம்.

கணினி இப்போது பழைய போர்டோடு, புதுப் பேட்டரியோடு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுகிறது. குழுக் கணக்குக்கும் கடிதம் அடிப்பதற்கும் அது போதும். மகளுக்கு அடுத்த ஆண்டு மடிக்கணினி வாங்கச் சீட்டுப் போட்டிருக்கிறோம். அக்காள் மகன் சொன்னபடி வடக்கு ஜன்னலிலிருந்து இந்தக் கணினியைத் தெற்குச் சுவருக்கு மாற்றிவிட்டேன். வேலை இல்லாவிட்டாலும் வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் ஓடவிடுகிறேன், உள்ளே சேர்ந்த ஈரம் அந்தச் சூட்டில் காய்ந்துவிடும் என்கிறான்.