கூன் பெல்ட்டா, ரப்பர் பட்டியா?

இரண்டு தோளையும் சுற்றி முதுகில் எட்டுப் போட்ட மாதிரிக் கட்டும் 'கூன் நிமிர்த்தும் பெல்ட்' டவுன் பாமசிகளிலும் போன் வழியாகவும் விற்பனையாகிறது. அதையும் உடற்பயிற்சி ரப்பர் பட்டியையும் ஒப்பிட்டால், காசு கொடுக்க வேண்டியது பட்டிக்குத்தான்.

பெல்ட் போட்டதும் தோள் பின்னுக்குப் போவது உண்மை. ஆனால் இழுத்துப் பிடிப்பது பெல்ட். தோள்பட்டைகளுக்கு நடுவிலுள்ள தசைக்கு அதில் வேலையே இல்லை. கழற்றினால் பழையபடி குனிகிறோம். இறுக்கிக் கட்டினால் அக்குளில் நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போகும். கம்பளிச் சட்டைக்கு மேல் போட்டால் ஒட்டும் பகுதியில் பஞ்சு சேர்ந்து பிடி விட்டுவிடும். வளரும் பிள்ளைக்கு வைத்தியர் சொல்லாமல் மாட்டவே கூடாது.

பட்டியில் தட்டையானதாக, ஒன்றரை மீற்றர் நீளத்தில் வாங்குங்கள். எந்த நிறம் எவ்வளவு இறுக்கம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் கடையிலேயே இழுத்துப் பாருங்கள். நெஞ்சுக்கு நேரே தோளகலத்தில் பிடித்து 10 தடவை விரிக்க முடியவேண்டும், கடைசி இரண்டு தடவைதான் கஷ்டமாக இருக்கவேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனைத் துளையோ ஓரத்தில் கீறலோ தெரிந்தால் வேண்டாம், அந்த இடத்தில்தான் அறும். மலைநாட்டு ஈரத்தில் மடித்து வைத்த ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது கிழியும். துடைத்து, கொஞ்சம் பவுடர் தூவி வையுங்கள். அடுப்புப் பக்கமும் வெயிலும் ஆகாது.

காம்பராவில் (லயத்து அறையில்) ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும். காலை நீட்டி உட்கார்ந்து, பட்டியை இரண்டு பாதத்திலும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சும்மா மாட்டினால் நழுவி முகத்தில் அடிக்கும், மேஸ் (காலுறை) போட்ட காலில் இன்னும் சீக்கிரம் நழுவும். முழங்கை விலாவை உரசப் பின்னுக்கு இழுத்து, இரண்டு எண்ணும்வரை நிறுத்தி, மூன்று எண்ணி மெதுவாக விடுங்கள். 10 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 10. வாரத்துக்கு மூன்று நாள். இழுப்பதில் கவனமாக இருந்துவிட்டு விடுவதில் அவசரப்படுவதுதான் அநேகர் விடும் பிழை; பலன் அங்கேயே குறைகிறது. தோள் காதுப் பக்கம் ஏறினால் கழுத்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம், மெல்லிய பட்டிக்கு மாறுங்கள். பழைய லயத்துக் கதவுக் கொண்டியில் கட்டி இழுப்பது ஆபத்து.

தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களுக்குப் பட்டி மட்டும் போதாது. தலையில் மாட்டிய கூடைக் கயிறு தலையைப் பின்னுக்கு இழுக்க, அதற்கு எதிராகக் கழுத்து முன்னுக்குத் தள்ளி நிற்கிறது. நிறுவைக்குக் கூடையை இறக்கியவுடன் இடுப்பில் கை வைத்து, மெதுவாகப் பின்னுக்கு 5 தடவை வளையுங்கள். பிறகு நேரே பார்த்தபடி தாடையை உள்ளுக்கு இழுத்து ஐந்து எண்ணுங்கள். விடியற்காலைக் குளிரில் உடம்பு விறைத்திருக்கும். ஐந்து நிமிடமாவது நடந்த பிறகுதான் எந்த இழுப்பும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டி தேவையில்லை. 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜூன் மழை பிடித்தால் கிளித்தட்டு ஆட முடியாது. அப்போது இஸ்தோப்பிலேயே (முன் விறாந்தையில்) தோப்புக்கரணமும் கரடி நடையும் (கையும் காலும் ஊன்றி நடப்பது) போடட்டும், பாடம் படிக்கும்போது அரைமணிக்கு ஒரு தடவை எழும்பட்டும். 30 கிலோ பிள்ளையின் புத்தகப் பையை 3 கிலோவுக்குள் வைத்து, இரண்டு தோளிலும் மாட்ட விடுங்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கைகால் மரத்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, பிள்ளையின் ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்து தெரிந்தாலோ பட்டியை மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.