மாத வாடகை எனக்கு, லீஸ் பணம் அவனுக்கு: ஓசூரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெளியூரில் இருந்துகொண்டு ஓசூரில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்களும், விட நினைப்பவர்களும் இதைப் படியுங்கள். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பாலக்கோட்டில். 2023 கடைசியில் ஓசூர் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் மூன்று போர்ஷன் உள்ள பழைய வீடு ஒன்றை 52 லட்சத்துக்கு வாங்கினேன். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 4.68 லட்சம் தனி. வாங்கும்போது நான் காட்டிய ஜாக்கிரதையைப் பார்த்து விற்றவரே சிரித்தார். 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி என்று ஒவ்வொன்றையும் வக்கீலிடம் காட்டித்தான் கையெழுத்துப் போட்டேன். இடம் வாங்கும்போது ஏமாறாதே என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. வாடகைக்கு விடும்போதும் ஏமாறலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வங்கிக் கடன் 30 லட்சம், 9 சதவீத வட்டி, மாதத் தவணை ஏறக்குறைய 27,000. மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து அந்த ஏரியாவில் கிடைக்கும் வாடகை 24,000. போட்ட மொத்தப் பணத்துக்கு வருடம் 5 சதவீதம்தான் தேறும். சிப்காட் இருக்கிறது, வாடகையிலேயே கடன் அடைந்துவிடும் என்று நினைத்து இறங்கியவனுக்கு அந்த 3,000 ரூபாய் பள்ளம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவன் வந்தான். வீடுகளை மொத்தமாக எடுத்துப் பராமரிக்கிறோம் என்று ஓசூரில் ஆபீஸ் போட்டிருந்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி எல்லாம் உண்டு. "டெனன்ட் தேடுறது, சண்டை, ரிப்பேர் எல்லாம் எங்க தலைவலி சார். நீங்க மாசம் அஞ்சாம் தேதி பேங்க் மெசேஜை மட்டும் பாருங்க" என்றான். மாதம் 27,000 தருவதாகச் சொன்னான், அட்வான்ஸ் 50,000. என் தவணை எவ்வளவு என்று பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அந்தத் தொகையைச் சொன்னான் என்பது இப்போது புரிகிறது. சந்தையில் 24,000 போகிற வீட்டுக்கு ஒருவன் 3,000 கூடக் கொடுத்து, ஆபீஸ் வாடகையும் கட்டி, எதில் சம்பாதிப்பான்? இந்தக் கணக்கைப் போட நான் கணக்கு வாத்தியாராக இருந்திருக்க வேண்டியதில்லை.

பதினொரு மாத ஒப்பந்தம், நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: வீட்டை உள்வாடகைக்கோ லீஸுக்கோ விட அவனுக்கு முழு உரிமை உண்டு. படித்தேன். 'லீஸ்' என்றால் வாடகைக்கு இங்கிலீஷ் போல என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் பணம் தேதி தவறாமல் வந்தது. நடுவில் ஒருநாள், எப்படியோ என் நம்பரைப் பிடித்து ஒரு அம்மா போன் செய்தார். "இவ்வளவு பணம் கொடுத்து லீஸுக்கு வந்தும் மோட்டார் ஓடலன்னா எப்படி சார்?" நான் அவன் நம்பரைக் கொடுத்து வைத்துவிட்டேன். லீஸ் என்ற சொல் அப்போதும் காதில் உறைக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் பணம் இல்லை. பத்தாம் மாதம் போனும் இல்லை. பஸ் ஏறி ஓசூர் போனால் ஆபீஸ் பூட்டு. வீட்டுக்குப் போய் வாடகை கேட்டேன். "என்ன வாடகை சார்? நாங்க லீஸுக்குல்ல வந்திருக்கோம்" என்று அந்த அம்மா உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்து வந்தார். பெங்களூர் வழக்கம் அப்படியே ஓசூரிலும் உண்டு: மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வரும். நம் பக்கம் போக்கியம் என்போமே, ஏறக்குறைய அதுதான். மூன்று வீட்டாரிடமும் 6, 6, 5 என்று 17 லட்சம் வாங்கியிருக்கிறான். எனக்குக் கொடுத்தது அட்வான்ஸும் சேர்த்து 2.66 லட்சம். அவர்களுடைய பணத்தில்தான் எனக்கு எட்டு மாதம் வாடகை வந்திருக்கிறது. அந்த அம்மா நகையை விற்றுக் கொடுத்திருந்தார். அவரைத் திட்டத்தான் போயிருந்தேன், முடியவில்லை.

வக்கீல் சொன்னதுதான் அதிகம் வலித்தது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகை விடக் கூடாது. சட்டம் எனக்குக் காவலாகத்தான் நின்றிருக்கிறது. நான் பதிவும் செய்யவில்லை, சம்மதத்தையும் மூன்றாம் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் புகார் கொடுக்கப் போன இடத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். அப்புறம் மூன்று குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு கிருஷ்ணகிரி மாவட்டக் குற்றப்பிரிவில் மனு கொடுத்தோம். அங்கே போன பிறகுதான் எங்களைப் போல வேறு வீட்டுக்காரர்களும் இருப்பது தெரிந்தது. ஒரு குடும்பம் வெறுத்துப்போய்க் காலி செய்துவிட்டது. மற்ற இரண்டு குடும்பத்தோடும் பேசி, வழக்கு முடியும் வரை மாதம் 4,000 தருவதாக எழுதி வாங்கியிருக்கிறேன். தவணையின் மீதியைச் சம்பளத்திலிருந்து கட்டுகிறேன்.

இப்படி யாரிடமாவது வீட்டை ஒப்படைத்திருந்தால், ஒப்பந்தத்தில் லீஸ், உள்வாடகை, போக்கியம் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். புரோக்கர் காட்டும் வாடகைப் பத்திர ஜெராக்ஸை நம்ப வேண்டாம். எனக்கும் மூன்று ஜெராக்ஸ் வந்தன, மூன்றும் போலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள், முன்பணம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று குடியிருப்பவரிடமே கேளுங்கள். பணம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே போய்க் கேளுங்கள்.