கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம்: ரிவேராவுக்காக நாலு மணி நேரம் கார் ஓட்டினேன்

நியூ ஜெர்சியிலிருந்து கூப்பர்ஸ்டவுனுக்குக் காரில் நாலு மணி நேரம். ரயில் கிடையாது, பக்கத்தில் பெரிய விமான நிலையமும் கிடையாது. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரின் மெயின் ஸ்ட்ரீட்டில்தான் 1939-இல் திறந்த பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கால நட்சத்திரம் பேப் ரூத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றால் நான் போனது ஒரே ஒரு ஆளுக்காக: மரியானோ ரிவேரா, நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரிலீஃப் பிச்சர், அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து எறிகிறவர். போன காரியம் நிறைவாக முடிந்தது, அதனால் இந்த விமர்சனம் முழுக்க அவரைச் சுற்றித்தான் இருக்கும்.

முதலில் நடைமுறை விஷயம். வருடத்தில் நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று மூன்று நாள் தவிர எப்போதும் திறந்திருக்கிறது. ஜூலைக் கடைசியில் புது ஆட்களைச் சேர்க்கும் விழா நடக்கும், அந்த வார இறுதியில் ஊர் தாங்காத கூட்டம் இருக்கும், தவிர்த்துவிடுங்கள். வார நாளில் காலையில் கதவு திறக்கும்போதே போய்விட்டால் நிம்மதி. லிஃப்ட் இருக்கிறது, எழுபது தாண்டிய அப்பாவுக்கு ஒரு சிரமமும் இல்லை. தங்கிய இடம்தான் சரியில்லை, பெயர் வேண்டாம், ராத்திரி முழுக்க ஏசி லாரி மாதிரி உறுமியது. சாப்பாட்டுக்கு சைவக்காரர்கள் கையில் ஏதாவது எடுத்துப் போவது உத்தமம். நாங்கள் புளியோதரை கொண்டுபோனோம்.

எல்லாரும் முதலில் மேலே போய்ப் படம் பார்த்துவிட்டுக் காட்சிப் பொருட்களைச் சுற்றுவார்கள். நான் நேராகக் கீழ்த்தளத்தில் பலகைகள் இருக்கும் கூடத்துக்குப் போனேன். உயரமான தூண்கள், இருபுறமும் சுவரில் வரிசையாக வெண்கலப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம், அதன் கீழே நாலைந்து வரியில் ஒரு வாழ்க்கை. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், அப்பா செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்த மாதிரி ஒரு நொடி நின்றார்.

2019-இல் ரிவேராவோடு சேர்த்து உள்ளே வந்தவர்கள் ஆறு பேர். கிட்டப் போய்ப் பார்த்தால் ராய் ஹாலடே, மைக் முசினா இரண்டு பேர் தொப்பியிலும் எந்த அணியின் சின்னமும் இருக்காது. ரிவேராவின் தொப்பியில் அந்த நியூயார்க் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும். வேறெங்கே போவார், 1995-இலிருந்து 2013 வரை ஒரே அணிக்குத்தானே ஆடினார். யாரைச் சேர்ப்பது என்று ஓட்டுப் போடுவது பேஸ்பால் பத்திரிகை எழுத்தாளர்கள். அந்த வருடம் ஓட்டுப் போட்டவர்கள் 425 பேர், 425 பேரும் அவர் பெயரை எழுதினார்கள். ஒருத்தர் விடாமல் எல்லா ஓட்டும் வாங்கியவர் அவர் ஒருவர்தான். 1936-இல் பேப் ரூத்துக்கே 226-இல் 215தான் விழுந்தது. அப்புறம் ரிவேராவின் சக வீரர் டெரெக் ஜீட்டருக்கும் ஜப்பான்காரர் இச்சிரோவுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டு குறைந்துபோனது.

அப்பா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடைசியில வந்து நாலு பந்து போட்டுட்டுப் போறவருக்காடா இவ்வளவு மரியாதை?" என்று கேட்டார். ஐம்பது வருடமாகக் கிரிக்கெட் பார்ப்பவர் கேட்கிற நியாயமான கேள்வி அது.

பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னேன். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்குகிற பிச்சருக்குத்தான் பேரும் புகழும், அவர் கை களைத்ததும் வருகிறவர்கள்தான் ரிலீஃப் பிச்சர்கள். ஒரு காலத்தில் தொடங்கத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் போய் உட்காரும் இடமாகத்தான் அதைப் பார்த்தார்கள். ரிவேராவும் அப்படி வந்தவர்தான், 1995-இல் பத்து ஆட்டங்களைத் தொடங்கிப் பார்த்தார், நன்றாக அடி வாங்கினார். அடுத்த வருடம் ரிலீஃபுக்கு மாற்றினார்கள், 1997-இலிருந்து அவர்தான் க்ளோசர். அணி மூன்று ரன்னோ அதற்குள்ளோ முன்னால் இருக்கும், கடைசி இன்னிங்ஸ், மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும். முடித்துக் கொடுத்தால் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். கெடுத்தால் மற்றவர்கள் மூன்று மணி நேரம் உழைத்ததெல்லாம் இவர் தலையில் விழும். "அப்போ தினமும் கடைசி ஓவர் போடற வேலை" என்றார் அப்பா. அதேதான். அப்படி 652 தடவை முடித்துக் கொடுத்திருக்கிறார், இன்றுவரை அதுதான் சாதனை.

அதையும் ஒரே பந்தை வைத்துச் செய்தார் என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். 1997 கோடையில் சக வீரர் ராமிரோ மெண்டோசாவோடு சும்மா பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, நேராகப் போக வேண்டிய பந்து கடைசி நேரத்தில் தானாக விலகியிருக்கிறது. பயிற்சியாளரும் அவரும் சேர்ந்து அதை நேராக்கப் பார்த்தார்கள், முடியவில்லை, சரி போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் கட்டர். இடக்கை ஆட்டக்காரர்களுக்கு அது கைப்பிடிக்குள் வந்து புகும், பேட் உடையும். அந்தப் பந்துதான் வரப்போகிறது என்று எதிரில் நிற்பவருக்கும் தெரியும், மைதானத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும், தெரிந்தும் பதினாறு வருடம் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2013-இல் அவர் கடைசி முறையாக மினசோட்டாவுக்குப் போனபோது அந்த அணி அவருக்கு உடைந்த பேட்களால் செய்த ஒரு ஆடும் நாற்காலியைப் பரிசாகக் கொடுத்தது. எதிரணி கொடுத்த மரியாதை இது.

இவர் வந்த இடத்தையும் சொல்ல வேண்டும். பனாமாவில் புவெர்ட்டோ கைமித்தோ என்கிற மீனவ ஊர், அப்பா மீன்பிடிப் படகின் கேப்டன். பால் அட்டைப் பெட்டியில் கையுறை, பழைய வலையைச் சுருட்டி டேப் சுற்றினால் பந்து. ஆங்கிலம் தெரியாமல்தான் அமெரிக்கா வந்து இறங்கினார்.

ஆனால் பலகையின் நாலைந்து வரியில் தோல்விகளுக்கு இடம் கிடையாது, ரிலீஃப் பிச்சரின் வாழ்க்கையோ அவற்றால்தான் முழுசாகப் புரியும். 1997-இல், க்ளோசரான முதல் வருடமே, ப்ளே ஆஃபில் இன்னும் நாலு அவுட்தான் பாக்கி என்ற நிலையில் எதிரணியின் சாண்டி அலோமார் ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, அடித்தார். 2001 உலகத் தொடர், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம், அரிசோனாவில். யாங்கீஸ் 2-1 என்று முன்னால். எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தவர், ஒன்பதாவதில் தானே ஒரு பந்தைத் தப்பாக எறிந்தார், ஸ்கோர் சமமானது, கடைசியில் அரிசோனாவின் லூயிஸ் கொன்சாலெஸின் பேட்டில் சரியாகப் படாமல் எழும்பிய பந்து, முன்னேறி நின்றிருந்த ஜீட்டரின் தலைக்கு மேல் போய் விழுந்தது. எல்லாம் போச்சு. எட்டு நாள் கழித்து நியூயார்க்கில் ஒரு விமானம் விழுந்து 265 பேர் இறந்தார்கள். யாங்கீஸ் ஜெயித்திருந்தால் வெற்றி ஊர்வலத்துக்காக இருந்துவிட்டு அந்த விமானத்தில்தான் சக வீரர் என்ரிகே வில்சன் போயிருப்பார், தோற்றதால் முன்னாலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார். நாங்கள் தோற்றதே நல்லது, நண்பன் மிஞ்சினானே என்று ரிவேரா பின்னால் சொன்னார்.

2004-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸிடமும் கோட்டை விட்டார். அடுத்த ஏப்ரலில் பாஸ்டன் மைதானத்தில் அவர் பெயரை அறிவித்ததும் அத்தனை கூட்டமும் கேலியாகக் கைதட்டி ஆரவாரம் செய்தது. மனுஷன் முகம் சுளிக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். ப்ளே ஆஃப் கணக்கு மொத்தமும் எடுத்தால் 141 இன்னிங்ஸில் பதினோரு ரன்தான் அவர் கணக்கில் விழுந்தது. அப்படிப்பட்டவரை நாம் தேடித் தேடி நினைவு வைத்திருப்பது அந்தச் சில தோல்விகளை. இந்த வேலையின் கொடுமை அது, அதை அவ்வளவு அமைதியாக அவர் சுமந்தார் என்பதற்காகத்தான் எனக்கு அவர்மேல் இத்தனை மதிப்பு.

அதே கூடத்தில் மற்ற ரிலீஃப்காரர்களையும் தேடிப் பாருங்கள். 1985-இல் முதலில் நுழைந்தவர் ஹோய்ட் வில்ஹெல்ம். ட்ரெவர் ஹாஃப்மன், 601 சேவ். 2025-இல் வந்த பில்லி வாக்னர், சின்ன வயதில் வலக்கை உடைந்து இடக்கையால் எறியப் பழகியவர், ஓட்டுச் சீட்டில் பத்தாவது வருடத்தில், அதாவது கடைசி வாய்ப்பில்தான் உள்ளே வந்தார்.

மேல்தளங்கள் அருமைதான், சாதனைகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு, பழைய கையுறைகளையும் மைதானங்களின் கதையையும் பார்க்க அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் ஓட்ஸேகோ ஏரிக்கரையில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். 2012-இல் பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்த ரிவேரா, இப்படி முடிய விடமாட்டேன் என்று நாற்பத்து மூன்று வயதில் திரும்பி வந்து 44 சேவ் எடுத்த கதையைச் சொல்லிவிட்டு, அவர் கடைசியாக ஆடிய 2013 செப்டம்பர் 26 ஆட்டத்தின் வீடியோவை போனில் போட்டுக் காட்டினேன். பிச்சரை மாற்ற மேனேஜர்தான் வருவது வழக்கம். அன்று வந்தது ஜீட்டரும் ஆண்டி பெட்டிட்டும், யாங்கீஸில் அவரோடு கூடவே வளர்ந்த சக வீரர்கள் அவர்கள். ரிவேரா பந்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டிட்டின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார், நேரம் போவது தெரியாமல் அழுதார், அரங்கமே எழுந்து நின்றது. அப்பா கையில் எடுத்த உருண்டையை வாயில் வைக்காமல் முழுசும் பார்த்தார்.

"இன்னொரு தடவ போடு" என்றார்.