சங்கமா, தனிப்பேச்சா?

நம் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் வரும் குழப்பம் இது: தொழிற்சங்கம் வழியாகப் பேசுவதா, நிர்வாகத்திடம் தனியாகப் பேசுவதா?

செலவு: சங்கத்துக்குச் சந்தா உண்டு, தனிப்பேச்சுக்குக் காசில்லை.

வேகம்: தனிப்பேச்சு ஒரே நாளில் முடியலாம். சங்கம் பேசினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

பலம்: விஷயமே இங்கேதான். தலைமை அதிகாரியின் ஊதியம் பங்கு விலையோடு கட்டப்பட்டிருந்தால், ஆள்செலவைக் குறைப்பது அவருக்கும் லாபம். தனியாளாக அதைக் கேட்டுத்தான் பாருங்களேன்! சங்கமோ கணக்கைக் கேட்கும். முன்னறிவிப்பு, இழப்பீடு, மறுபயிற்சி என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கப் பார்க்கும்.

பாதுகாப்பு: சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலைநீக்கம் கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 98ஆவது உடன்படிக்கை (1949). தனிப்பேச்சுக்கு அப்படியொரு கவசம் கிடையாது.

அரிய திறமையும் கையில் இன்னொரு வேலையும் இருந்தால் தனியாகவே பேசுங்கள். மற்றவர்களுக்குச் சங்கம்தான், அதுவும் அறிவிப்பு வருமுன்பே.