ரூ.18,500 போச்சு! மரத்துக்குப் பாலிஷ் போடக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

"உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று, பாலிஷுக்கு ஆள் அனுப்பிய ஆப்பிலிருந்து இன்று காலை மெசேஜ் வந்தது. யார் முடித்தார்கள், எதை முடித்தார்கள்? வயிறு எரிகிறது.

மாமனார் காலத்துத் தேக்கு ஊஞ்சல். இத்தனை வருடமும் மெழுகு பாலிஷ் மட்டும்தான் தடவினோம். மகள் வளைகாப்புக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அந்த ஆப்பில் பி.யூ. (மரத்தின் மேல் பளபளப்பான படலமாகப் படியும் பாலியூரித்தேன்) பாலிஷுக்குப் பதிவு செய்தேன். வந்தவர் பலகையைத் தடவிப் பார்த்து, "பழைய பாலிஷ் மொத்தத்தையும் எடுக்கணும் அக்கா. 120, 180, 220 நம்பர் உப்புத்தாள் வரிசையா போட்டு, கலருக்கு ஸ்டெயின் கொடுத்து, துளையை அடைக்க சீலர் ரெண்டு கோட், அப்புறம்தான் பி.யூ. நாலு நாள் ஆகும்" என்றார். வேலை தெரிந்தவர் என்று நம்பி, ரூ.18,500 முழுவதையும் அப்போதே கட்டிவிட்டேன்.

மறுநாள் நான் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. "மெஷின்ல அடிச்சோம், அதான் சீக்கிரம்" என்றார். அதையும் நம்பினேன்.

ஒன்பதாம் நாள் பலகை ஓரத்தில் ஒரு கொப்புளம். நகத்தால் கீறினேன், பாலாடை மாதிரி உரிந்து வந்தது. அடியில் பழைய மெழுகு அப்படியே பிசுபிசுவென்று இருக்கிறது! தெரு ஆசாரி வந்து பார்த்தார். மெழுகின் மேல் பி.யூ. பிடிக்காதாம். கலர் திட்டுத்திட்டாக இருப்பது சீலருக்கு மேல் ஸ்டெயின் அடித்ததால். சீலர் மரத்தின் துளையை அடைத்த பிறகு கலர் எங்கே இறங்கும்?

பாலிஷ் போட்டவருக்குப் போன் செய்தால், "வெயில்ல வைங்க, செட் ஆயிடும்." அடுத்த நாள், "உங்க மரத்துலதான் ஈரம்." அதன் பிறகு எடுக்கவே இல்லை. ஆப்பில் 48 மணி நேரம் என்றார்கள், பிறகு இன்னொரு 48. கடைசியில் வாரண்டி கதவு, ஜன்னலுக்கு மட்டும்தானாம். ரூ.18,500 வாங்கும்போது ஊஞ்சல் என்று தெரியாதா?

முறையாக எப்படிப் பாலிஷ் போடுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். பழைய பூச்சு முழுதாகப் போய் வெறும் மரம் தெரியும்வரை அடுத்த வேலைக்கு விடாதீர்கள். உப்புத்தாளை மரத்தின் ரேகை போகும் திசையில்தான் தேய்க்க வேண்டும். தேக்கில் எண்ணெய் உண்டு, தின்னரால் துடைக்காமல் அடிக்க விடாதீர்கள். ஒவ்வொரு கோட் அடித்ததும் போட்டோ எடுங்கள். முழுப் பணம் முதலில் வேண்டவே வேண்டாம்.

வளைகாப்புக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. நாளை ஆசாரி வந்து எல்லாவற்றையும் சுரண்டப் போகிறார். அதற்குத் தனிக் கூலி. ரூ.18,500ல் ஒரு பைசா திரும்பி வரவில்லை.