திருமுடிவாக்கம் தம்ம சேது: பத்து நாள் விபஸ்ஸனா முகாம் எப்படி?

சென்னை திருநீர்மலையை அடுத்த திருமுடிவாக்கத்தில் இருக்கிறது தம்ம சேது என்ற விபஸ்ஸனா தியான மையம். மியான்மரில் தியான ஆசிரியர் ஊ பா கினிடம் கற்று, 1969 முதல் இந்தியாவில் பயிற்சி கொடுத்த எஸ். என். கோயங்காவின் முறைதான் இங்கே. கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பழைய மாணவர்களின், அதாவது ஏற்கெனவே முகாமை முடித்தவர்களின், நன்கொடையில் நடக்கிறது. முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள்.

பத்து நாள் என்று சொன்னாலும் லீவு பன்னிரண்டு நாளுக்குப் போடுங்கள். முதல் நாளுக்கு முந்தின மதியமே போய்ச் சேர வேண்டும், பதினோராம் நாள் காலையில்தான் விடுவார்கள். செல்போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். பத்தாம் நாள் காலை வரை மௌனம், சைகையும் கூடாது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், சாப்பாடு, அறை பற்றி நிர்வாகியிடம் பேசலாம்.

அதிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்கு உட்கார்ந்தால், இடைவேளைகள் போக நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். இரவு ஏழு மணிக்கு உரை, தமிழிலும் கேட்கலாம். ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும். மதிய உணவு பதினொரு மணிக்கு. புதியவர்களுக்கு மாலை ஐந்து மணிக்கு டீயும் பழமும் உண்டு, பழைய மாணவர்களுக்கு மதியத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை. ராத்திரி பசிக்குமே என்று காலையிலும் மதியமும் வயிறு முட்டச் சாப்பிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அடுத்த அமர்வு முழுக்கத் தூக்கம்தான் வரும். முக்கால் வயிறு போதும்.

முதல் மூன்றரை நாள் ஆனாபானா: மூச்சு இயல்பாக வந்துபோவதைக் கவனிப்பது மட்டும். மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்துக்குக் கவனத்தைக் குறுக்கிக்கொண்டே போவார்கள். இங்கே சறுக்குபவர்கள் மூச்சை இழுத்து இழுத்து விடுகிறவர்கள், தலை கனத்துவிடும். மூச்சு தெரியாமல் போனால் மட்டும் சில முறை சற்று அழுத்தி விட்டுவிட்டு, மறுபடி இயல்புக்கு வந்துவிட வேண்டும்.

நான்காம் நாள் மதியம் விபஸ்ஸனா தொடங்கும். உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை ஒவ்வோர் இடமாகக் கவனத்தை நகர்த்தி, சூடு, அரிப்பு, துடிப்பு, வலி எது தென்பட்டாலும் விரும்பாமல் வெறுக்காமல் பார்க்க வேண்டும். இதன் பிறகு தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்காரும் அதிட்டானம். முழங்கால் கடுக்கும். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி மெத்தையை அடுக்கினால் பாதி வலி குறையும். மூட்டு வலி உள்ளவர்கள் முதல் நாளே நாற்காலி கேட்டு வாங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பலனும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் பிடிபடும்: அரிப்பு எழுகிறது, சொறியத் துடிக்கிறோம், சொறியாமலே அது அடங்குகிறது. ஆபீசில் கோபம் தலைக்கேறும்போது கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான்.

எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டோம். தீவிர மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அண்மையில் பெரிய துக்கத்தைச் சந்தித்தவர்கள் கொஞ்ச காலம் கழித்துப் போவது நல்லது. உடற்பயிற்சி இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கும் சிரமம். யோகாசனத்துக்கு அனுமதியில்லை, நடக்க மட்டும் விடுவார்கள்.

வீடு திரும்பியபின் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் மாலை அமர்வுதான் முதலில் கைவிட்டுப் போகும். காலை அமர்வையாவது, வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.